முந்நீர் கடந்தோர் தங்கிய இடம்

பொருள் தேடிப் பிரிந்த தலைவன் சென்ற தேயத்தில் எவ்வாறு வாழ்ந்தான் என்பதனைச் சங்க அகப்பாடல்கள் நமக்குச் சொல்வதில்லை. அவன் செல்லும் சுரத்தின் வெம்மை தெரிகிறது; வழியில் நிற்கும் ஓமையும் கள்ளியும் தெரிகின்றன; ஆறலைப்போர் அம்பும் தெரிகிறது. வீட்டில் இருப்பவள் சுவரில் கோடிட்டு நாள் எண்ணுவதும் தெரிகிறது. ஆயின் அவன் சேர்ந்த ஊர் எது, அங்கு யாரிடம் பேசினான், எம்மொழியிற் பேசினான், என்ன உண்டான் என்பன தெரியவில்லை. மொழி வேறுபட்ட தேயம் என்று அப்பாடல்கள் ஒருமுறைக்குப் பன்முறை கூறும். அத்தேயத்தினுள் அவை ஓரடியும் எடுத்து வைப்பதில்லை. செலவும் மீட்சியுமே பாலைக்கு உரியன. இடையிற் கழிந்த வாழ்வு இலக்கியத்திற்கு வெளியே நின்றுவிட்டது.

இதனைக் குறை என யாம் கூறவந்தோமல்லேம். அகத்திணையின் நோக்கம் இருவர்தம் உறவு. தலைவன் தனியே வாழும் வாழ்வு அதன் எல்லைக்கு உட்படாது. எனினும் இம்மரபு பிற்காலத் தமிழ் எழுத்தை எத்துணை ஆண்டுகள் ஆண்டது என்பது ஆராய்தற்குரியது. வேலை நாடிக் கடல் கடந்து, அங்குத் தங்கி, அவ்வூர் வாழ்வோடு பொருந்திய தமிழர் பல இலக்கம். அவர்தம் தங்குதலைத் தமிழ் நாவல் எங்ஙனம் கண்டது என்னும் வினாவை ப. சிங்காரத்தின் இரு நாவல்களை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியர் அகத்திணையியலில் முந்நீர்ச் செலவு மகளிரொடு கூடியதன்று என்னும் கருத்துப்பட ஒரு நூற்பா யாத்துள்ளார். ‘முந்நீர்’ என்பதனை இளம்பூரணர் கடல் என்றே கொண்டார். நச்சினார்க்கினியரோ அதனை மூவகை நீர்மை எனப் பிரித்து, ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று பிரிவிலும் தலைவியை உடன்கொண்டு செல்லுதல் இல்லை எனப் பொருள் விரித்தார். உரைநயம் கருதின் நச்சினார்க்கினியர் சொற்பிரிப்பு வியக்கத்தக்கதே. ஆயினும் கடல் என்னும் நேர்பொருளே சிறந்தது என்பது எம் கருத்து. பெண்ணை ஏற்றாத கலம் மீண்டு வருதற்கென்றே புறப்படும் கலமாகும். அடுப்பு ஏறாத இடம் குடியிருப்பு ஆவதில்லை. ஒரு சமுதாயம் தன் ஆடவரைக் கடல் கடத்தும்போதே அவர் திரும்புதற்கு வைத்துக்கொண்ட பிணை என்று இந்நூற்பாவைப் படித்தல் தகும்.

மறுதலையாக, இங்கு வந்து தங்கிய பிறநாட்டாரைப் பழந்தமிழ்ப் புலவர் கண் திறந்து பார்த்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில், பல மொழி வழங்கும் தேயங்களிலிருந்து வந்தோர் காவிரிப்பூம்பட்டினத்து மக்களோடு கலந்து இனிது வாழ்ந்தனர் என்று பாடுகிறார். ‘புலம்பெயர்’ என்னும் சொல் அங்கே அவ்வேற்றுநாட்டாரைக் குறித்தே நிற்கிறது. இன்று அச்சொல் நம்மவரைக் குறிக்கும் பெயராகிவிட்டது! அப்பாட்டின் தலைவனோ, அப்பட்டினமே தனக்குக் கிடைப்பினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று செலவு தவிர்ந்தவன். வந்து தங்கியோர் சிறப்பையும், சென்று தங்க மறுத்தவன் உறுதியையும் ஒரே பாட்டு தாங்கியிருப்பது நோக்கத்தக்கது. இளங்கோவடிகளும் புகாரில் யவனர் இருக்கையைக் காட்டுகின்றார். வந்தவரைப் பாடிய நம் இலக்கியம் போனவரைப் பின்தொடரவில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன், கணிகையொடு பொருளிழந்து, வங்க வணிகருடன் கடலேறி, கலம் கவிழ்ந்து, நாகர் வாழும் கரையில் ஒதுங்குகிறான். அவனைக் கொன்றுண்ண வந்தோர், அவன் தம் மொழியைத் தம்மைப் போலவே பேசக் கேட்டு, கை ஓங்காது நின்று, தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். அயல்நாட்டில் ஒருவனை உயிர் காப்பது அவ்வூர் மொழியறிவே என்னும் உண்மையைச் சாத்தனார் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! ஆயினும் சாதுவன் அங்கு ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. ஊனும் கள்ளும் பெண்ணும் மறுக்கிறான், அறம் உரைக்கிறான், சந்தனமும் அகிலும் துகிலும் பெற்றுச் சந்திரதத்தன் கலத்தில் ஊர் திரும்புகிறான். மொழி தெரிந்தவன், ஆனால் தங்காதவன். வெளிநாட்டு வாழ்வைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதப்பட்ட தமிழ்க் கதைகளுட் பலவற்றின் நாயகர் இச்சாதுவன் வழியினரே எனின் மிகையாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்த தமிழர் இரு வகையினர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவின் கரும்பு, காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்ற உழைப்பாளர் ஒரு வகையினர். பர்மா, மலாயா, சுமத்திரா ஆகிய இடங்களில் வட்டிக்கடை வைத்தோரும் அக்கடைகளில் ஊழியம் பார்த்தோரும் மற்றொரு வகையினர். மாணவர் பலர் இவ்விரு வகையினர் பற்றிய எழுத்தையும், பிற்காலத்துப் போரினால் ஏதிலியராய்ச் சென்றோர் எழுத்தையும் ஒரே மூட்டையிற் கட்டிப் ‘புலம்பெயர் இலக்கியம்’ எனப் பெயர் சூட்டிவிடுகின்றனர். அம்மூட்டையை அவிழ்த்தாலன்றி ஆராய்ச்சி தொடங்காது.

தோட்டத்திற்குச் சென்றோரைப் பற்றி முதலில் எழுதியோர் தாயகத்தில் இருந்தோரே. பாரதியார் பிஜித்தீவைக் கண்டதில்லை. ஆங்குக் கரும்புத் தோட்டத்தில் வருந்திய பெண்டிரைப் பாடினார். புதுமைப்பித்தன் 1935இல் வெளியிட்ட ‘துன்பக்கேணி’யில் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்கிறாள். இவை இரண்டும் இரக்கத்தின் இலக்கியம், அவ்விரக்கம் நேரியது. ஆயினும் ஈண்டு எமக்கு வேண்டுவது வேறொரு செய்தி. கடல் கடந்தோர் பெண்டிர்! கங்காணி முறையில் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்க்கப்பட்டபோது முந்நீர்க் கட்டுப்பாடு தானே முறிந்தது. பொருளுடையோர் மனைவியை ஊரில் நிறுத்திச் சென்றனர். பொருளில்லாதோர் மனைவியோடு சென்றனர். முன்னவருள் மிகப் பலர் மீண்டனர். பின்னவருள் மிகப் பலர் தங்கினர். தங்குதல் என்னும் நிகழ்ச்சி கூலிக்காரன் வீட்டு அடுப்பில் தொடங்கியது என்பதனை இலக்கிய வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.

வட்டிக்கடை வாழ்வு முற்றிலும் வேறு. பல கடைகள் ஒரே நீண்ட கட்டடத்தில் அடுத்தடுத்து அமைந்திருக்கும். அதற்குக் கிட்டங்கி என்று பெயர். கணக்குப் பெட்டியின் முன் அமர்ந்து தொழில். அதன் பக்கத்திலேயே படுக்கை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் எனப் படிநிலை உண்டு. மூன்றாண்டு ஒரு கணக்கு. கணக்கு முடிந்தால் ஊர்ப் பயணம். பெட்டியடிப் பையனாகப் போனவன் மேலாளாகத் திரும்பினால் அதுவே வெற்றி. கடைக்கு வெளியே உள்ள நகரம் வாடிக்கையாளர் வரும் திசை மட்டுமே. இவ்வமைப்பு மனிதனைத் தங்கவிடாமல் இருபது முப்பது ஆண்டுகள் வைத்திருக்கவல்லது.

ஆயினும் சொற்கள் கணக்குப் பார்ப்பதில்லை. மலாய் மொழியில் கடைக்குக் ‘கெடை’, பெட்டிக்குப் ‘பெத்தி’, முதலுக்கு ‘மோடல்’, கப்பலுக்குக் ‘கப்பல்’ என்பன வழங்குகின்றன. இவை தமிழினின்று சென்றவை என்பது மொழிநூலார் துணிபு. வட்டிக்கடைகள் தோன்றுமுன்பே, பழைய கடல் வணிகத்தின் வழியே இவை சென்றிருத்தல் கூடும். பதிலுக்கு மலாயாத் தமிழர் ரப்பரைக் ‘கித்தா’ என்றனர். சரக்குப் படகைத் ‘தொங்கான்’ என்றனர். சிற்றூரைக் ‘கம்பம்’ என்றனர். மனம் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே நாக்கு தங்கிவிடுகிறது. இதனைத் தமிழ் உரைநடையில் முதன்முதலாக முழுதும் உணர்ந்து எழுதியவர் சிங்காரம் என்பதே எம் கருத்து.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் சுமத்திராவின் மெடான் நகர்க்கு வேலைக்குச் சென்றார். அவ்வாண்டே இந்திய அரசு மலாயாவிற்கு உதவியளித்து உழைப்பாளரை அனுப்பும் முறையைத் தடை செய்தது. ஒரு காலம் முடியும் வாயிலில் அவர் புறப்பட்டார் எனலாம். 1946இல் திரும்பி, மதுரையில் தினத்தந்தி நாளிதழில் பல ஆண்டு பணியாற்றி, 1997இல் மறைந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே. ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் நாவற் போட்டியிற் பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று. ‘புயலிலே ஒரு தோணி’ நெடுநாள் பதிப்பாளரின்றிக் கிடந்து 1972இல் வெளிவந்தது. வந்த பின்னரும் நீண்ட காலம் அதனைப் படிப்பாரில்லை. தமிழாய்வுத் துறைகளும் அப்பழிக்கு விலக்கல்ல.

‘கடலுக்கு அப்பால்’ பினாங்கில் நிகழ்கிறது. செல்லையா ஒரு வட்டிக்கடையின் ஊழியன். முதலாளியின் மகள் மரகதம். முதலாளி மனைவியோடும் மகளோடும் பினாங்கில் குடியிருக்கிறார். முந்நீர்க் கட்டுப்பாடு இங்கு மீறப்பட்டுள்ளது, அடுப்பு இருக்கிறது, ஆகவே குடியிருப்பும் இருத்தல் வேண்டும் என்று எண்ணுகிறோம். நாவல் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது. போர்க்காலத்தில் செல்லையா இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்து மீள்கிறான். துப்பாக்கி ஏந்திய கை இனிக் கணக்கு எழுதாது என்பது முதலாளியின் முடிவு. மகளை அவனுக்குக் கொடுக்க மறுக்கிறார். காதலுக்குத் தடையாவது மலாய் நாடுமன்று, சீனருமல்லர், ஆங்கில அரசுமன்று. கடையின் ஒழுங்கே தடை. கடல் கடந்து வந்த வீடு, தாயகத்துத் தெருவின் வேலியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. முதலாளியைக் கொடியவராக்காமல், தொழிலை நம்பியவராகவே ஆசிரியர் வரைந்திருப்பது இந்நாவலின் பெருமை. அவர் மறுப்பை வெறுக்கலாம். ஆனால் அவருக்கு வேறு வழி தெரியாது என்பதனையும் உணர்கிறோம். மெலிந்த இடங்களும் உள. காதலர் பேச்சு அக்காலத் தொடர்கதைகளின் நெகிழ்ச்சியினின்று முற்றும் விலகவில்லை. அது நிற்க.

‘புயலிலே ஒரு தோணி’யைப் போர் நாவல் என்பர் சிலர், வீரச் செயல் நாவல் என்பர் சிலர். நிகழ்ச்சிகளை மட்டும் நோக்கின் இரண்டும் பொருந்தும். 1942இல் ஜப்பானியர் மெடானுக்குள் நுழைவது, பாண்டியன் தொங்கானில் பினாங்கு செல்வது, இந்திய தேசிய இராணுவம், போருக்குப் பின் சுமத்திராவில் டச்சுக்காரரை எதிர்த்த கிளர்ச்சி என்று கதை விரைகிறது. ஆயினும் அந்நாவலின் வலிமை நிகழ்ச்சிகளில் இல்லை. பாண்டியன் தெருவில் நடக்கிறான், கடைகளைப் பார்க்கிறான், வழியில் தென்படும் சீனரையும் மலாய்க்காரரையும் அவரவர் பழக்கத்தோடு இனம் கண்டுகொள்கிறான். கெர்க் ஸ்ட்ராட், மொஸ்கி ஸ்ட்ராட் என்னும் டச்சுத் தெருப்பெயர்கள் அவன் வாயில் கீழமாசி வீதி, மேலமாசி வீதி போல வழங்குகின்றன. முன்னது கோயில் தெரு, பின்னது பள்ளிவாசல் தெரு என்று பெயர்த்து எழுத ஆசிரியர்க்குத் தெரியாதா? தெரிந்தும் பெயர்க்கவில்லை. பெயர்த்தால் அவை சுற்றுலா வந்தவன் பார்த்த தெருக்களாகிவிடும். குடியிருப்பவன் தெருப்பெயரை மொழிபெயர்ப்பதில்லை.

மலாய்ச் சொற்களும் அவ்வாறே தமிழ்ச் சொல்லோடு சொல்லாய்க் கலந்து வருகின்றன. புறநாட்டுக் கதை எழுதுவோர் பலர் வேற்றுச் சொல்லை அணிகலன்போல் பயன்படுத்துவர். ஒரு சொல்லை நட்டு, அதன் அழகைத் தாமே சுட்டிக்காட்டி அகல்வர். சிங்காரத்திடம் அச்சொற்கள் செருப்பைப் போன்றன, நடப்பதற்கு உரியன. உரைநடையின் வாக்கிய அமைப்பே இதனால் மாறுகிறது. எழுவாய் பயனிலை முற்றுப்பெறாமல், கண்ட பொருள்களின் பெயர்கள் அடுக்கி வரும் வாக்கியங்கள் அந்நாவலிற் பல. இவ்வடுக்கு ஒரு நகரத்தின் கடைவீதியில் பன்னாள் நடந்தவன் மனத்தில் படிந்த வரிசையாகும். இலக்கண நூலார் இதனைப் பெயரெச்சச் சிதைவு எனக் குறை கூறின், அன்னார் கடைத்தெருவில் நடந்ததில்லை என்றே யாம் கருதுவோம்.

‘பாண்டியன் ஓயாது சின்னமங்கலத்தையும் மதுரையையும் நினைக்கிறானே, அவன் மெடானில் தங்கினான் என்பது எங்ஙனம் பொருந்தும்?’ என்று ஒரு தடை எழுப்பலாம். நல்ல தடைதான். ஆனால் அந்நினைவுகள் வரும் முறையைக் காண்க. பாலைத் தலைவன் தன் ஊரை நினைப்பது தலைவியின் முகத்தை நினைப்பதாகும். அந்நினைவு அவனைத் திரும்ப அழைக்கிறது. பாண்டியன் நினைவில் வருவன ஊர்ச் சந்தையும், தெருக்களும், அங்குத் திரிந்த மனிதரும் ஆவர். அவன் ஊரை மெடானைப் பார்க்கும் அதே கண்ணால் பார்க்கிறான்; இரண்டும் அருகருகே நிற்கின்றன; ஒன்று மற்றொன்றை விலக்குவதில்லை. தமிழர் பழம்பெருமை பற்றி அவனும் நண்பரும் பினாங்கில் நிகழ்த்தும் எள்ளல் மிக்க உரையாடல்களை இதனோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். பிற இனத்தாருடன் நாள்தோறும் பழகியவனுக்கே தன் இனத்தின் பெருமைப்பேச்சு இவ்வளவு நகைப்பைத் தரும். தமிழாசிரியராகிய நமக்கு அவ்வுரையாடல்கள் சற்றே சுடுகின்றன. சுடுவதாலேயே அவற்றை வகுப்பில் விட்டுவிட்டுக் கடற்புயல் வருணனையை மட்டும் பாடமாக வைப்போர் உளர். அது நாவலுக்குச் செய்யும் நீதியன்று.

இனி அதன் குறையைக் கூறுவாம். நாவலில் பெண்கள் வருகின்றனர். சில பக்கங்களில் மறைகின்றனர். ஆசிரியர் ஒரு சீனக் கடைக்காரனை நாலு வரியில் உயிரோடு நிறுத்துவார். அக்கண்ணோட்டம் அந்நாட்டுப் பெண்கள்மேல் படியும்போது மங்கிவிடுகிறது. அவர் இல்லம், அவர் சமையல், அவர் பிள்ளைகள் பாண்டியன் பார்வைக்கு எட்டுவதில்லை. தெருவில் முழுமையாகத் தங்கிவிட்டவன் வீட்டுவாயிலில் நின்றுவிடுகிறான். தொல்காப்பியர் கலத்தில் ஏற்றாத பெண்ணைச் சிங்காரம் கரையிலும் காணவில்லை! ஊர் திரும்பும் எண்ணம் முதிரும் வேளையில் பாண்டியன் உயிரிழப்பதாகக் கதை முடிகிறது. இதனைச் சிலர் வலிந்த முடிவு என்பர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வீடு இல்லாத தங்குதல் அவனை அங்கே நிறுத்தவும் இல்லை, இங்கே அனுப்பவும் இல்லை. ஆசிரியர்க்கு வேறு கதவு இருந்திருக்க வேண்டுமெனின், அதனைக் கதையின் நடுவிலேயே திறந்திருத்தல் வேண்டும்.

சுமத்திராவில் உண்மையாகவே தங்கிய தமிழர் என்னவாயினர்? அத்தீவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே, சகம் 1010இல், அஃதாவது கி.பி. 1088இல், பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் ஆங்கு வரும் கலத்தோரிடம் பெறவேண்டிய தீர்வையைக் கத்தூரி விலையோடு பொருத்தி வரையறுத்தனர் என்பது அதிலிருந்து தெரிகிறது. வந்துபோகும் வணிகர் கல்லில் விதி எழுதார். நிலைத்த ஏற்பாடு இருந்தமைக்கு அது சான்று. மெடானுக்குத் தெற்கே மலைநாட்டில் வாழும் காரோ மக்களுள் செம்பிரிங் என்னும் குலத்தின் கிளைகளுக்குச் சோலியா, பாண்டியா என்பன போன்ற பெயர்கள் இன்றும் உள்ளன. அவை தென்னாட்டுத் தொடர்பு உடையன என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. அக்கொள்கை மெய்யாயின், தங்கியோர் கரைந்தனர், பெயர் மிஞ்சியது, மொழி மிஞ்சவில்லை. சிங்காரத்தின் நாயகனுக்குப் பாண்டியன் என்று பெயர் வாய்த்தது தற்செயலே ஆகலாம். எனினும் அவன் வாழ்ந்த நகரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் பாண்டியா என்னும் குலப்பெயருடையோர், தமிழ் ஒரு சொல்லும் அறியாது, தம் சொந்த நிலத்தில் வேளாண்மை செய்து வாழ்ந்துகொண்டிருந்தனர்.

மெடானில் 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் உள்ளது. அதனைச் சூழ்ந்த தமிழர் வழிவந்தோர் நாட்டு மொழியையே பெரிதும் பேசுகின்றனர். ஆகவே அங்கிருந்து தமிழில் எழுதக்கூடியவர் திரும்பி வந்தவராகவே இருத்தல் வேண்டியதாயிற்று. சிங்காரம் மெடானை மதுரையிலிருந்து எழுதினார். மலேசியாவின் நிலை வேறு. ஆங்குத் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் நின்றன; 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தோன்றியது; அங்கேயே பிறந்து வளர்ந்தோர் தமிழில் நாவல் எழுதினர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற நூல்களை அவ்வரிசையில் வைத்தல் வேண்டும். சயாம் இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தோட்டத் தமிழரின் கதை அது. சிங்காரத்தின் பாண்டியன் சேர்ந்த போரும் அப்பாதை இடப்பட்ட போரும் ஒன்றே; ஆண்டுகளும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு நூலில் மூன்றாண்டுக் கணக்கில் வந்த கடைப்பையன் துப்பாக்கி ஏந்துகிறான். மற்றொன்றில் தோட்டக்குடியில் பிறந்தவன் தண்டவாளம் சுமக்கிறான். இவ்விரு நூல்களையும் பக்கத்தில் பக்கம் வைத்துக் கற்கும் மாணவர், முதலில் ஒவ்வொன்றிலும் அடுப்பு எரியும் இடங்களைக் குறித்துக்கொள்வாராக. சிங்காரத்திடம் அவ்வடுப்பைப் பெரும்பாலும் சமையலாளே மூட்டுகிறான்.